எடுத்து வைத்த சோறு

அக்டோபர் 2, வியாழன்

வந்து ஒரு வாரமாகியும் இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடனே ஒரு தட்டு வந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்குக் கோடியில் இலோகோஸ் நோர்ட்டே என்று ஒரு மாகாணம். அதில் கடலைப் பார்த்த சின்ன ஊர் இது. என் மகன் ஜெர்வின் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். கப்பல் வேலையையும் தூத்துக்குடியையும் ஒன்றாக விட்டுவிட்டு, மாமியார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறான். அவனும் பெண்டாட்டி மரிசெலும் டவுன் கோயிலுக்கு எதிரே எம்பனாடா கடை போட்டிருக்கிறார்கள்.

அந்த எம்பனாடாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அரிசி மாவில் ஏதோ விதையை ஊறவைத்த செம்மஞ்சள் சாயத்தைக் கலந்து பிசைகிறார்கள். வாழையிலையில் மெல்லிசாகத் தேய்த்து, துருவிய பப்பாளிக்காய், பாசிப்பயறு, பூண்டு மணக்கும் பன்றி இறைச்சி எல்லாம் பரப்பி, நடுவில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து எண்ணெயில் போடுகிறார்கள். முட்டை ஒழுகாமல் மடிப்பதில்தான் சாமர்த்தியம். மரிசெல் மடித்தால் ஒழுகாது. என் மகன் மடித்தால் சட்டியில் தனியாக ஆம்லெட் வேகும். நம்ம சோமாசி நன்றாகச் சாப்பிட்டு உடம்பு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. மிளகாய் ஊறிய கரும்புக் காடியில் தோய்த்துச் சாப்பிட வேண்டுமாம். முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு சாப்பிட்டேன்.

மரிசெல் முதல் நாள் என்னை "மாமா" என்றாள். அம்மாவுக்கு இங்கே அப்படித்தானாம். "எங்க ஊர்ல மாமான்னா மீசை இருக்கும்" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து மாமி. புருஷனிடம் தமிழ் படித்தவள், அதனால் அச்சு அசல் தூத்துக்குடிப் பேச்சு. "மாமி, காப்பி குடிக்கியளா?" என்று கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் தெருப்பெண்தான்.

ஒரே ஒரு குறை. கடல் வாசலில் கிடக்கிறது, தட்டில் விழுவதெல்லாம் பன்றியும், எல்லாக் காய்கறியிலும் ஊற்றுகிற புளித்த மீன் சாறும்தான். மீன் என்று வந்தது ஐஸில் கிடந்த மீன். பரதவர் வீட்டுப் பெண்ணுக்கு ஐஸ் மீனைப் போடுகிறார்கள்! ஜெர்வினிடம் சொல்லிக் காட்டினேன்.

"சரிம்மா, சரி. நானே பிடிச்சிட்டு வந்து போடுதேன். அப்பவாவது கொஞ்சம் வாய மூடு" என்றான்.

அக்டோபர் 4, சனி

ஜெர்வின் விடியுமுன் கடலுக்குப் போனான். படகு மரிசெலின் அண்ணன் ரொஹேலியோவுடையது. இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய சின்னப் படகு. எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்களாம். ரொஹேலியோவுக்குக் காய்ச்சல், இவன் மட்டும் போயிருக்கிறான். பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று மரிசெலிடம் சொன்னானாம். குழம்புக்குத் தேங்காய் அரைத்து வைத்திருக்கிறேன்.

மாலை. இன்னும் வரவில்லை. காற்று எழும்பியிருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

ராத்திரி முழுவதும் அடித்தது. கரண்ட் இல்லை. போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. காலையில் காற்று குறைந்ததும் ஊரில் உள்ள படகெல்லாம் போயின. ரொஹேலியோ காய்ச்சலோடு எழுந்து இரவல் படகில் போனான். அவன் மனைவி நெனிதா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் கூடவே நடந்து போனாள்.

மரிசெல் கடலோரக் காவல் அலுவலகத்துக்குப் புறப்பட்டாள். அங்கிருந்து கரையோரமாக ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டி விசாரிக்கப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். "மாமி, நீங்க வீட்டுல இருங்க. அவிய வந்தா வீட்டுல ஆள் வேணும்லா" என்றாள். அது சரிதான். வந்தவன் பூட்டின வீட்டையா பார்ப்பான்.

அரைத்த தேங்காய் புளித்துவிட்டது. கொட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். ஒரு பெண் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் எங்கே, யாருடன், எந்தப் பஸ் என்று கண்டுபிடித்துவிடுவேன். இங்கே என்னால் யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை. சம்பந்தியம்மா கோரா எனக்குத் துணையாக இந்த வீட்டிலேயே படுக்கிறாள். அவளுக்கு இலோகானோ, எனக்குத் தமிழ். இரண்டு பேரும் உட்கார்ந்து செபமாலை சொல்கிறோம். அவள் அருள்நிறைந்த மரியே சொல்லி முடித்ததும் நான் எங்கள் மொழியில் பாக்கியைச் சொல்கிறேன். மாதாவுக்குப் புரியும். மற்றபடி கையைக் காட்டிச் சாப்பிடச் சொல்வதும், தலையை ஆட்டி வேண்டாம் என்பதும்தான் எங்கள் பேச்சு.

ஊரே சாப்பாடு கொண்டுவருகிறது. ஒருத்தி மிக்கி என்று கெட்டியான மஞ்சள் சாற்றில் தட்டை நூடுல்ஸ் கொண்டுவந்தாள். மேலே அவித்த முட்டை, மொறுமொறுவென்று பொரித்த பன்றித்தோல். இன்னொருத்தி முருங்கைக்கீரைச் சாறு. முருங்கையை இவர்களும் கிட்டத்தட்ட நம்மைப் போலவே மருங்காய் என்கிறார்கள். அகத்திப் பூவைக்கூட வேகவைத்துத் தக்காளி நறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து மகள் ஷெரினிடம் ஒரு மணி நேரம் போனில் பேசியிருப்பேன். யாரோ பொரித்த மீன் கொண்டுவந்தார்கள். வயிறு சரியில்லை என்று தள்ளிவிட்டேன். மீன் இப்போது வேண்டாம்.

இன்று மத்தியானம் ஒரு காரியம் செய்தேன், கொஞ்சம் மனசு ஆறியது. ஜெர்வினுக்குச் சோறு எடுத்து வைத்தேன். விடுதியில் தாமதமாக வருகிற பிள்ளைக்கு எடுத்து வைப்பேன், கப்பலிலிருந்து அவன் அப்பா வருகிற நாளில் எடுத்து வைப்பேன். திட்டுவது வேறு, பட்டினி போடுவது வேறு. பசியோடு வருவான். வந்ததும் முதலில் சட்டியைத்தான் திறப்பான்.

எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. இந்த வீட்டுப் பூனை எந்த மூடியையும் திறக்கும். அதற்கு எட்டாத ஒரே இடம் சன்னலோரம் இருக்கிற சாமிப் பலகை. மாதா சுரூபமும், மரிசெலின் செத்துப்போன அப்பா படமும் இருக்கும் இடம். அங்கே வைத்தேன். சோறு, கீரைச் சாறு, பொரித்த முட்டை, ஒரு குவளைத் தண்ணீர். கரண்ட் இல்லாததால் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். இருட்டில் வந்தால் தட்டுத் தெரிய வேண்டுமே. மரிசெலின் அப்பாவிடம், "அண்ணாச்சி, பூனையைப் பார்த்துக்கிடுங்க" என்றேன்.

சம்பந்தியம்மா உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு தாய் மனசு இன்னொரு தாய்க்குத்தான் தெரியும். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் ரொஹேலியோ கடலிலிருந்து வந்தான். உடம்பெல்லாம் உப்பு பூத்துக் கிடந்தது. வாசலில் நின்று பலகையையே பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, "நானாங்" என்றான். இங்கே அம்மாவை இப்படியும் கூப்பிடுவார்கள். பிறகு இறங்கிப் போய்விட்டான்.

அக்டோபர் 8, புதன்

கடல் நன்றாக அடங்கிவிட்டது. ஆனாலும் இன்று ஒரு படகும் போகவில்லை. எல்லாம் கரையில் கிடக்கின்றன. களைத்திருப்பார்கள், பாவம். நாளைக்குப் போவார்கள்.

பழைய சோற்றைக் கோழிக்குக் கொட்டிவிட்டுப் புதுச் சோறு வைத்தேன். ஆறினது அவனுக்குப் பிடிக்காது.

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் போகவில்லை. கரைக்குப் போய் ரொஹேலியோவிடம் கடலைக் காட்டி, கையை வீசி, "போகலையா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற கிழவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு எரிச்சல் வந்தது. தட்டிக் கொடுக்கவா வந்தேன்? கத்தினேன். தமிழில் எவ்வளவு கத்தினாலும் அவர்களுக்கு அது அழுகை மாதிரித்தான் கேட்டிருக்கும். நெனிதா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

ஆனால் நல்ல சனங்கள், அதைச் சொல்ல வேண்டும். மாலையில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். நான் ஜெர்வினுக்கு எடுத்து வைத்த தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காயும் புட்டரிசி மாவும் கலந்து வாழையிலையில் சுருட்டி அடுப்புக்கரியில் சுட்டது ஒன்று, துப்பிக் என்றார்கள், மணம் தெருவரைக்கும் வந்தது. ஒரு அவித்த முட்டை. வெற்றிலையும் சுருட்டும். ஒரு சின்னக் கிளாஸில் கருஞ்சிவப்புக் கரும்புக் கள். என் மகன் குடிப்பான் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும் என்பது இன்றுதான் தெரிந்தது. வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

பிறகு நெடுநேரம் செபம் சொன்னார்கள். நேற்றுப் போல இல்லை, வேறு ராகம். மனசை என்னவோ செய்தது.

ஒரு ஊரே என் பிள்ளைக்குச் சோறு எடுத்து வைக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் தூங்க முடியாது.

மத்தியானம் மரிசெல் வந்தாள். கால் வீங்கி, முகம் கறுத்து, ஐந்தாறு ஊர் அலைந்து ஒன்றும் கிடைக்காமல் வந்தவள், வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே பலகையைப் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் சம்பந்தியம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"யாரு வச்சா? மாமி, இத யாரு வச்சா?"

"நான்தான் வச்சேன். அவனுக்கு எடுத்து வச்சேன். ஏன் இப்படிக் கத்துத?"

அவள் அம்மாவிடம் திரும்பி ஏதோ கேட்டாள். அம்மா என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். எனக்கு என் மகன் பெயர் மட்டும் நடுநடுவே கேட்டது. பிறகு மரிசெல் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"மாமி, இது அத்தாங். செத்தவங்களுக்கு வைக்கது. சாமிகிட்ட, மெழுகுவத்தி ஏத்தி, சோறு வைக்கது செத்தவங்களுக்குத்தான். பெத்த அம்மா வச்சா, அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நீங்க வச்சதப் பாத்துட்டு எல்லாரும்..." அவளுக்கு மேற்கொண்டு தமிழ் வரவில்லை.

"எல்லாரும்? எல்லாரும் என்ன?"

"தேடுகத நிறுத்திட்டாங்க மாமி."

செவ்வாய் சாயங்காலத்திலிருந்து. கடல் அடங்கிக் கிடந்த நாள் எல்லாம். நான்தான் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று வேளையும் புதுச் சோறு வைத்து, மறுபடி மறுபடி சொல்லியிருக்கிறேன்.

நான் பூனைக்குப் பயந்து வைத்தேன், ஆண்டவரே. பூனைக்குப் பயந்துதான் வைத்தேன்.

எழுந்து தட்டை எடுத்து, அதிலேயே துப்பிக்கையும் கள் கிளாஸையும் தூக்கி வைத்தேன். மரிசெல் "மாமி, தொடக்கூடாது" என்றாள். எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் முன்னால் மணலில் உட்கார்ந்து அந்தச் சோற்றைப் பிசைந்து தின்றேன். முட்டையைத் தின்றேன். துப்பிக்கைத் தின்றேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தொண்டையில் அடைத்தது, அந்தக் கள்ளையும் எடுத்துக் குடித்தேன். நான் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. காலித் தட்டை ரொஹேலியோவிடம் காட்டினேன்.

"அவன் வருவான்ல. இது நான் அவனுக்கு எடுத்து வச்ச சோறு. வேற ஒண்ணும் இல்ல. அவன் வருவான். போ. போய்ப் பாரு."

மரிசெல் பின்னாலேயே ஓடிவந்து அதை அவர்கள் மொழியில் சொன்னாள். ரொஹேலியோ என் முகத்தைப் பார்த்தான். பிறகு படகைத் தள்ளினான். இன்னும் நாலு பேர் தள்ளினார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றும் போனார்கள், இன்றும் போனார்கள். கோயிலில் சாமியார் ஜெர்வின் பெயரைச் சொல்லி வேண்டினார். உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் சொன்னார், மரிசெலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மரிசெல் கடையைத் திறந்துவிட்டாள். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். நான் போய்ப் பப்பாளி துருவிக் கொடுத்தேன். அவள் மடிக்கிற எம்பனாடாவெல்லாம் இன்று ஒழுகியது. வாங்கியவர்கள் ஒழுகியதையே வாங்கித் தின்றார்கள்.

சோற்றுக்கு இப்போது என்ன செய்கிறேன் என்றால், அடுப்பு மேலேயே சட்டியோடு வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பூனை வந்தால் விரட்டுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கரண்ட் வந்துவிட்டது. போனும் வந்தது. ஷெரின் தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டாள். "யம்மா, நான் கிளம்பி வரட்டா?" என்றாள். "நீ வந்து என்ன செய்யப் போற? இங்க நானே சும்மாத்தான் இருக்கேன்" என்றேன். அவள் அழுதாள். "அழாதளா. அண்ணன் நீச்சல்ல கெட்டிக்காரன்" என்றேன். அது பொய். அவனுக்கு நீச்சல் சுமார்தான். அப்பா சத்தம் போட்டுக் கற்றுக்கொடுத்தார்.

கடலோரக் காவல்காரர்கள் வந்து மரிசெலிடம் பேசினார்கள். அவர்கள் தேடுவதை நிறுத்திக்கொள்கிறார்களாம். இனிமேல் ஊர்ப் படகுகள்தான்.

அக்டோபர் 15, புதன்

வடகிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. இனி மாசிக்குப் பிறகுதான் அடங்குமாம். ஊர்ப் படகுகளிலும் மற்றவை நின்றுவிட்டன. ரொஹேலியோ மட்டும் போனான். மாலையில் ஒரு மூங்கில் மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். நீலக் கயிறு கட்டியது. தன் படகுடையதுதான் என்றான். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். கயிறு அறுந்திருக்கவில்லை, யாரோ அவிழ்த்த மாதிரி இருந்தது. மிதவையைப் பிடித்துக்கொண்டு மிதக்கத்தான் அவிழ்த்திருப்பான் என்றேன். மரிசெல் அதை ரொஹேலியோவுக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ரொஹேலியோ தினமும் விடியற்காலையில் இந்த வீட்டுக்கு வருகிறான். உள்ளே வரமாட்டான். வாசலில் நின்று சாமிப் பலகையைப் பார்ப்பான். அது காலியாக இருக்கும். கடலுக்குப் போய்விடுவான்.

இன்று அலை படகைத் தூக்கி அடித்து அவன் கை கிழிந்து வந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். மரிசெல் அவனைத் திட்டினாள். நாளைக்குப் போகக் கூடாது என்று அவன் அம்மாவும் காலில் விழாத குறையாகச் சொன்னாள். அவன் என்னைக் காட்டி ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டேன்.

மரிசெல் தயங்கினாள். "ஒண்ணுமில்ல மாமி."

"சொல்லு."

"நானாங் தட்ட எடுத்துட்டாங்க, நான் எப்படித் தேடாம இருக்க முடியும்னு கேக்கான். காய்ச்சல் இல்லாட்டா தானும் கூடப் போயிருப்பேன்னு அவனுக்கு வருத்தம். யார் சொன்னாலும் கேக்க மாட்டான் மாமி."

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 18, சனி

காலையில் ரொஹேலியோ தையல் போட்ட கையோடு போனான். அலை வீட்டுக் கூரை உயரம். ஒற்றைப் படகு ஏறுவதும் இறங்குவதுமாக, ஏறும்போது தெரிந்தது, இறங்கும்போது தெரியவில்லை. நான் சன்னலை மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெனிதா வந்தாள். மிக்கி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். கைக்குழந்தை இடுப்பில், மூத்தது சேலைத் தலைப்புப் பிடிக்கிற மாதிரி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவள் நான் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை. சாமிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியது "தாதாங், தாதாங்" என்று கடல் பக்கம் கையைக் காட்டியது. அப்பாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இப்போது அந்த அளவுக்கு அவர்கள் மொழி வந்துவிட்டது.

மிக்கி நன்றாக இருந்தது. எனக்குத்தான் வேண்டியிருக்கவில்லை. அவள் மனது நோகக்கூடாது என்று குடித்து முடித்தேன்.

ரொஹேலியோ இருட்டும் சமயத்தில்தான் வந்தான். அதுவரைக்கும் நெனிதா எழுந்து போகவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மிதவை கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. வேறு ஏதோ கரையில், வேறு ஏதோ ஆஸ்பத்திரியில், பெயர் சொல்லத் தெரியாமல் கிடக்கலாம். கப்பல்காரன் யாராவது தூக்கியிருக்கலாம். நான் பெற்றவள், எனக்குத் தெரியும்.

விடியுமுன் எழுந்து சோறு வடித்தேன். முட்டை பொரித்தேன். வாசல் மரத்தில் முருங்கைக்கீரை உருவி, சாறு வைத்தேன். அவர்கள் முறைப்படி இல்லை, நம் முறைப்படி, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு. தட்டில் போட்டு, பலகையில் மாதாவுக்கும் மரிசெலின் அப்பாவுக்கும் நடுவில் வைத்தேன். ஒரு குவளைத் தண்ணீர் வைத்தேன். கரண்ட் இருந்தது. ஆனாலும் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

திரும்பினால் மரிசெல் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாமி" என்றாள். அவ்வளவுதான்.

"நெனிதா நேத்து முழுக்க இங்கயே உக்காந்திருந்தா" என்றேன். "ரெண்டு சின்னதுக இருக்கு. ஒண்ணுக்கு இன்னும் பல்லுகூட முளைக்கல."

அவள் அடுக்களைக்குப் போனாள். சாமான் உருளும் சத்தம் கேட்டது. எதையோ தேடினாள், எதையோ கீழே போட்டாள். சின்னக் கிண்ணத்தில் மிளகாய்க் காடி ஊற்றிக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இல்லாம அவிய சாப்பிட மாட்டாவ" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம். அவள் தோள் என் தோளைவிட உயரம், அதனால் நான்தான் சாய்ந்தேன்.

ரொஹேலியோ வந்தான். கட்டுப் போட்ட கையில் துடுப்பு. வாசலில் நின்று பலகையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நிச்சயம்தானா என்று கேட்கிற பார்வை. நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தடவை கண்ணைத் தாழ்த்தியிருந்தாலும் அவன் போயிருப்பான். தாழ்த்தவில்லை. அவன் துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து, பெரிய ஆம்பிளை, சத்தம் போட்டு அழுதான்.

பிறகு பெண்கள் வந்தார்கள். துப்பிக் வந்தது, வெற்றிலை வந்தது, கள் வந்தது. போன தடவை கேட்ட அதே ராகத்தில் செபம் சொன்னார்கள். நானும் கூடவே சொன்னேன்.

மத்தியானம் ஷெரின் கூப்பிட்டாள்.

"யம்மா, இன்னைக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல. இன்னைக்கு யாரும் போவல."

"ஏம்மா, காத்து ரொம்ப அடிக்கா?"

சன்னல் வழியாகப் பார்த்தேன். காலை பத்து மணிக்கெல்லாம் காற்று நின்றுவிட்டிருந்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது.

"ஆமா" என்றேன். "ரொம்ப அடிக்கு."